2 இன்ச் பனிக்கே ஸ்தம்பிக்கும் நகரங்கள்... இது சிரிக்க வேண்டிய விஷயமா?

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் எடுக்கப்பட்ட ஒரு வீடியோ அன்று உலகம் முழுக்க வைரல் ஆனது. கன்னியாஸ்திரிகள் சிலரும் ஒரு பாதிரியாரும் பள்ளிப் பிள்ளைகளைப் போல ஓடி ஓடி, ஒருவர் மீது ஒருவர் பனி உருண்டைகளை எறிந்து விளையாடும் காட்சி அது.

அதே நாளில், இரவு வாழ்க்கைக்குப் பெயர்போன போர்பன் ஸ்ட்ரீட்டில் சிலர் ஸ்கீயிங் செய்தார்கள். மலையே இல்லாத ஊர் என்பதால், சறுக்கி விளையாட ஆசைப்பட்டவர்கள் மிசிசிப்பி ஆற்றின் வெள்ளத் தடுப்புக் கரைகளுக்குப் போனார்கள். பனிச்சறுக்கு வண்டி யாரிடம் இருக்கப்போகிறது? அட்டைப்பெட்டி, நீச்சல்குள மிதவை என்று கையில் கிடைத்ததெல்லாம் வண்டியானது.

பார்க்க செம ஜாலியாகத்தான் இருந்தது. ஆனால் இதே தெற்கு அமெரிக்காவில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு விழுந்த பனியும் இப்படிச் சிரிப்பும் செல்ஃபியுமாகத்தான் தொடங்கியது. அது முடிந்தபோது, டெக்சாஸ் மாகாணத்தின் அதிகாரபூர்வக் கணக்கில் மட்டும் 246 பேர் உயிரிழந்திருந்தார்கள்.

வெயிலுக்குப் பழகிய ஊரில் பனி விழுந்தால் மக்கள் என்ன செய்கிறார்கள்? ஒரே பனி ஓர் ஊரில் விளையாட்டாகவும் இன்னோர் ஊரில் விபரீதமாகவும் ஆவது ஏன்?

பனி எப்படி அங்கே வந்தது?

முதலில் ஒரு சின்ன விளக்கம். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘பனி’ என்றே சொல்லிவிடுகிறோம். குளிர்காலத்தில் ஊட்டி புல்வெளி வெள்ளையாக மாறுகிறதே, அது உறைபனி. காற்றிலுள்ள ஈரப்பதம் இரவில் புல் மீது படிந்து உறைவது. இங்கே நாம் பேசுவது மேகத்திலிருந்து பஞ்சுபோல விழும் பனிப்பொழிவு.

பனிப்பொழிவுக்கு இரண்டு விஷயங்கள் தேவை: குளிர், ஈரப்பதம். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய லூசியானா, அலபாமா, புளோரிடா கரையோரங்களில் ஈரப்பதத்துக்குப் பஞ்சமே இல்லை. குளிர்தான் கிடைக்காது. ஆர்க்டிக் பகுதியிலிருந்து கிளம்பும் கடுங்குளிர் காற்று சில ஆண்டுகளில் வழக்கத்தை மீறித் தெற்கே வெகுதூரம் இறங்கிவிடும். அது வளைகுடாவின் ஈரக்காற்றைச் சந்தித்தால் பனி கொட்டும். 2025-ல் நடந்தது இதுதான்.

நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் அன்று 8 அங்குலம், அதாவது சுமார் 20 சென்டிமீட்டர் பனி பதிவானது. அங்கே அதற்கு முந்தைய சாதனை 1963 டிசம்பர் 31-ல் விழுந்த வெறும் 2.7 அங்குலம். புளோரிடாவின் மில்டன் நகரில் 1954-ல் விழுந்த 4 அங்குலம்தான் அந்த மாகாணத்தின் சாதனையாக இருந்தது. 2025-ல் அதே மில்டனில் அதைப்போல இரு மடங்குக்கும் மேல் விழுந்தது. லூசியானாவின் லேக் சார்லஸ் வானிலை அலுவலகம் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக ‘பிளிசர்ட்’ எனும் கடும் பனிப்புயல் எச்சரிக்கை விடுத்தது.

இப்படி ஒரு பனியை வாழ்நாளில் ஒருமுறைதான் பார்க்கப்போகிறோம் என்று தெரிந்தால், கன்னியாஸ்திரிகளும் விளையாடத்தானே செய்வார்கள்?

‘இதுக்கா இவ்ளோ சீன்?’

தெற்கில் பனி விழும்போதெல்லாம் அமெரிக்காவின் வட பகுதிக்காரர்கள் ஒரு கிண்டலை எடுத்துவிடுவார்கள். ‘ரெண்டு இன்ச் பனிக்கே ஸ்கூல் லீவா? நாங்க ரெண்டு அடி பனியில ஆபீஸ் போறோம்!’ பனி அறிவிப்பு வந்ததுமே தெற்கத்திக்காரர்கள் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடி பிரெட்டும் பாலும் அள்ளிக்கொண்டு வருவதும் அங்கே நிரந்தர ஜோக். புயல் அறிவிப்பு வந்ததும் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் காணாமல் போகும் சென்னைக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கிண்டலின் உச்சம் 2014-ல் வந்தது. ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை. ஜார்ஜியா மாகாணத்தின் தலைநகர் அட்லாண்டா. விழுந்த பனி 2.6 அங்குலம். ஆள்காட்டி விரலின் நீளம்கூட இல்லை. ஆனால் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் பெருநகரப் பகுதி ஸ்தம்பித்து நின்றது.

நடந்தது இதுதான். பனி அதிகமாக விழப்போவது அட்லாண்டாவுக்குத் தெற்கேதான் என்ற எண்ணம் முதல் நாள்வரை பலரிடம் இருந்தது. வானிலை மையம் எச்சரிக்கையை உயர்த்தியபோது செவ்வாய் அதிகாலை ஆகிவிட்டது. பள்ளிகள், அலுவலகங்கள் வழக்கம்போலத் திறந்தன. மதியவாக்கில் பனி கொட்டத் தொடங்கியதும் பள்ளிகள், தனியார் நிறுவனங்கள், அரசு அலுவலகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ‘வீட்டுக்குப் போங்க’ என்று சொல்லிவிட்டன. மொத்த நகரமும் ஒன்றாகச் சாலைக்கு வந்தது.

அரை மணி நேரப் பயணம் பலருக்கு பத்து மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. லாரிகள் குறுக்கே திரும்பி நின்றன. சாலையில் உப்பு தூவ வேண்டிய வண்டிகளே டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டன. பெட்ரோல் தீர்ந்தவர்கள் காரை அப்படியே விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கான மாணவர்கள் இரவு முழுக்கப் பள்ளிகளிலேயே தங்கினார்கள். பள்ளிப் பேருந்துகளிலும் பிள்ளைகள் மணிக்கணக்கில் சிக்கிக்கிடந்தனர். சிலர் மருந்துக்கடையிலும் மளிகைக்கடை அலமாரிகளுக்கு நடுவிலும் படுத்தார்கள். நெரிசலில் நின்ற ஒரு காரில், போக்குவரத்துக் காவலர் ஒருவரின் உதவியோடு பெண் குழந்தை ஒன்று பிறந்தது.

இந்தக் களேபரத்தின் நடுவே இன்னொரு முகமும் தெரிந்தது. ‘யார் எங்கே மாட்டியிருக்கீங்க, யார் வீட்ல இடம் இருக்கு?’ என்று கேட்பதற்காகவே தொடங்கப்பட்ட ஒரு ஃபேஸ்புக் குழுவில் மிகக் குறைந்த நேரத்தில் பல்லாயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். முகம் தெரியாதவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். அதே பனியில் சிக்கிய அலபாமாவின் பர்மிங்காம் நகரில், 62 வயது மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் கார் நகராததால் சுமார் 6 மைல் தூரம் பனியில் நடந்தே போய் இன்னொரு மருத்துவமனையில் இருந்த நோயாளிக்கு அறுவை சிகிச்சை செய்தார்.

அப்போதைய ஆளுநர் நேதன் டீல் பின்னர் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

சாலையில் இருந்தது பனி இல்லை, ஐஸ்!

‘ஓட்டத் தெரியாதவங்க’ என்ற கிண்டல் இங்கேதான் தவறிப்போகிறது. வெப்பமான ஊரில் விழும் பனிக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது.

பனி விழும் முதல் சில நிமிடங்களில் சாலை இன்னும் கொஞ்சம் சூடாகவே இருக்கும். விழுந்த பனி உருகித் தண்ணீராகும். அதன் மீது ஆயிரக்கணக்கான டயர்கள் ஏறி இறங்கி அழுத்தும். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதும் அந்த ஈரம் முழுக்க அப்படியே கண்ணாடிபோல உறைந்துவிடும். தார்ச்சாலையின் கருப்பு அதன் வழியே தெரிவதால் ஐஸ் இருப்பதே கண்ணுக்குப் புலப்படாது. இதைத்தான் ‘பிளாக் ஐஸ்’ என்கிறார்கள்.

மைனஸ் 20 டிகிரியில் இறுகிப்போன பனியைவிட, மைனஸ் 1, 2 டிகிரியில் இருக்கும் ஐஸ் அதிகம் வழுக்கும். உருகுநிலையை நெருங்க நெருங்க அதன் மேற்பரப்பு இளகி, பிடிமானம் குறைந்துவிடும். ஆக, ‘எங்க ஊர் குளிர் இதைவிட அதிகம்’ என்று சொல்லும் வடக்கத்திக்காரர் அந்தச் சாலையில் இறங்கினாலும் வழுக்கத்தான் செய்யும்.

பாலங்கள் இன்னும் மோசம். சாதாரண சாலைக்கு அடியில் மண்ணின் சூடு இருக்கும். பாலத்துக்கு மேலேயும் கீழேயும் குளிர்காற்றுதான். அதனால் பாலங்களே முதலில் உறையும். ஆறுகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்த லூசியானாவில் நெடுஞ்சாலைகள் பல இடங்களில் பாலங்களாகவே போகின்றன என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

அப்படின்னா, தெற்கு நகரங்களும் பனி அகற்றும் வண்டிகளை வாங்கி வைக்க வேண்டியதுதானே? கேள்வி நியாயமானது. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் மாதக்கணக்கில் பனி விழும் மினியாபொலிஸுக்கு அது அன்றாடச் செலவு. பத்து, இருபது ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் பயன்படப்போகும் வண்டிக்கும், அதன் ஓட்டுநருக்கும், உப்புக் கிடங்குக்கும் நியூ ஆர்லியன்ஸ் எவ்வளவு செலவழிக்கலாம்? அந்த ஊரின் உயிர்ப் பிரச்சினை புயலும் வெள்ளமும். பணமும் முதலில் அங்கேதான் போகும்.

டெக்சாஸ்: விளையாட்டு முடிந்த இரவு

சாலை ஸ்தம்பித்தால் காரை விட்டுவிட்டு நடக்கலாம். வீடே உறைந்துபோனால்? 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் சந்தித்த கேள்வி அது. ஹூஸ்டன், டல்லஸ், ஆஸ்டின் என்று தமிழர்கள் கணிசமாக வாழும் நகரங்கள் எல்லாமே அதில் சிக்கின.

பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை. பனி விழுந்தது. மக்கள் போட்டோ எடுத்தார்கள், பனி மனிதன் செய்தார்கள். அன்றிரவு குளிர் கூடக்கூட, வீடுகளை மின்சார ஹீட்டர்கள் சூடாக்கின. மின்தேவை எகிறியது. அதே நேரம் உற்பத்தி சரிந்தது. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. அனல் மின் நிலையங்கள், காற்றாலைகள், ஓர் அணு உலை என எல்லா வகை உற்பத்தியும் பாதிக்கப்பட்டது.

திங்கள் அதிகாலை, மின் கட்டமைப்பின் அதிர்வெண் ஆபத்தான அளவுக்கு இறங்கி, 4 நிமிடம் 23 விநாடிகள் அங்கேயே நின்றது. 9 நிமிடங்கள் நீடித்திருந்தால் மின் நிலையங்கள் தாமாகவே நின்றுபோகத் தொடங்கியிருக்கும். மாகாணமே வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட இருளில் மூழ்கியிருக்கும். இன்னும் 4 நிமிடம் 37 விநாடிகள்தான் மிச்சம். அதைத் தடுக்க அதிகாரிகள் லட்சக்கணக்கான வீடுகளின் மின்சாரத்தைத் துண்டித்தார்கள்.

மாறி மாறி மின்வெட்டு என்றுதான் முதலில் சொன்னார்கள். மாறவே இல்லை. உச்சத்தில் 45 லட்சம் வீடுகளிலும் கட்டடங்களிலும் மின்சாரம் இல்லை. பலருக்கு நாள்கணக்கில். பிப்ரவரி 16 காலை டல்லஸில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். 70 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஊர் காணாத குளிர் அது. ஆளில்லாத அலுவலகக் கோபுரங்கள் நகர மையத்தில் விளக்குகளோடு ஜொலிக்க, பக்கத்துக் குடியிருப்புகள் இருண்டு கிடந்த படங்கள் மக்களைக் கொதிக்க வைத்தன.

உயிரிழந்த 246 பேரில் பெரும்பாலானோரைக் கொன்றது குளிர். உடல் வெப்பநிலை மெல்ல மெல்லக் குறைந்து உயிர் போயிருக்கிறது. அவர்களில் பலர் இருந்தது தெருவில் இல்லை, சொந்த வீட்டுக்குள். இன்னும் சிலரைக் கொன்றது கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு. குளிர் தாங்காமல் மூடிய ஷெட்டுக்குள் காரை ஓடவிட்டு அதன் சூட்டில் உட்கார்ந்தவர்கள், கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள், ஜெனரேட்டரை உள்ளே வைத்து ஓட்டியவர்கள் அதில் சிக்கினார்கள். குளிர் ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித்தரப்படும் எச்சரிக்கை அது. இங்கே பலருக்கு அதற்குத் தேவையே வந்ததில்லை.

வீடும் வெயிலுக்குக் கட்டியதுதான்

டெக்சாஸ் வீடுகளின் நோக்கமே வெயிலைச் சமாளிப்பது. தண்ணீர்க் குழாய்கள் பல வீடுகளில் கூரைக்கு அடியிலுள்ள பரணிலும் வெளிச்சுவர்களிலும் போகும். நம்மூர் மொட்டைமாடி டேங்கையும் வெளிச்சுவர் பைப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். உறைபனி வராத ஊரில் அது சரியான அமைப்பு. ஆனால் தண்ணீர் உறையும்போது விரியும். குழாயை உடைக்கும். ஐஸ் உருகியதும் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும். டல்லஸில் ஒரு குடியிருப்பில் சீலிங் ஃபேனிலிருந்து ஐஸ் ஊசிகள் தொங்கிய படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

குடிநீர் அமைப்புகளும் குலைந்ததில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி அறிவுறுத்தப்பட்டனர். கொதிக்க வைக்க மின்சாரம் இல்லை. கழிப்பறையில் ஊற்றுவதற்காகப் பலர் வாசலில் கிடந்த பனியைப் பாத்திரத்தில் அள்ளினார்கள். முதல் நாள் பிள்ளைகள் விளையாடிய அதே பனி.

இதை யாராலும் கணித்திருக்க முடியாதா? முடியும். 2011 பிப்ரவரியிலும் டெக்சாஸில் குளிரால் மின்வெட்டு ஏற்பட்டது. மின் நிலையங்களையும் எரிவாயு அமைப்புகளையும் குளிருக்குத் தயார்படுத்துங்கள் என்று மத்திய ஒழுங்குமுறை அமைப்புகள் அப்போதே அறிக்கை கொடுத்தன. அது கட்டாயமாக்கப்படவில்லை. டெக்சாஸின் மின் கட்டமைப்பு நாட்டின் மற்ற இரு பெரும் கட்டமைப்புகளிலிருந்து பெரும்பாலும் தனித்தே இயங்குவதால், அண்டை மாகாணங்களிலிருந்து போதிய மின்சாரம் வாங்கவும் வழியில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை வருவதற்கு இவ்வளவு செலவா என்ற கணக்கு, இந்த முறை உயிர்களைப் பலிவாங்கியது.

வெயிலிலும் இதே கதைதான்

‘சூட்டு ஊர்க்காரர்களுக்குக் குளிரைத் தாங்கத் தெரியாது’ என்று இதைச் சுருக்கிவிடலாமா? அதே 2021-ல், டெக்சாஸ் உறைந்து நான்கு மாதங்கள் கழித்து, நேர்மாறான ஒன்று நடந்தது. ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை வெப்ப அலை தாக்கியது. லிட்டன் என்ற ஊரில் 49.6 டிகிரி. அந்த மாகாணத்தில் மட்டும் வெப்பத்தால் 619 பேர் இறந்தார்கள். அங்கேயும் பெரும்பாலானோர் வீட்டுக்குள்தான் இறந்தார்கள். குளிரை வெளியே நிறுத்தக் கட்டிய வீடுகள், ஏ.சி. இல்லாத அறைகள்.

ஒவ்வோர் ஊரும் தன் வானிலைக்கு ஏற்ப வீடு கட்டுகிறது, சாலை போடுகிறது, பிள்ளைகளுக்குப் பழக்கம் சொல்லித்தருகிறது. அந்த எல்லையைத் தாண்டி வானிலை வரும்போது எந்த ஊரும் தடுமாறும்.

பனி குறையும், அதிர்ச்சி தொடரும்

பூமி சூடாகிக்கொண்டிருக்கும்போது பனி எப்படி? உலகம் சூடாவதால் கடுங்குளிர் நாட்கள் மொத்தத்தில் குறைந்துதான் வருகின்றன. ஆனால் குறைவதும் அடியோடு நின்றுபோவதும் ஒன்றல்ல. ஆர்க்டிக் வேகமாகச் சூடாவதால் அங்குள்ள குளிர்காற்று தெற்கே நழுவுவது அதிகரிக்கிறதா என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எப்படியிருந்தாலும், அரிதாக வருவதற்கு ஆயத்தமாவதுதான் எந்த ஊருக்கும் கடினம்.

ஆனாலும் ஊர்கள் கற்றுக்கொள்கின்றன. அட்லாண்டாவை உலகமே கேலி செய்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. 2014 பிப்ரவரி 12-ல் அடுத்த பனிப்புயல் வந்தது. இந்த முறை முன்கூட்டியே அவசரநிலை அறிவித்தார்கள், பள்ளிகளை மூடினார்கள். மக்களும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மின்கம்பிகள் அறுந்து பல லட்சம் பேர் இருளில் இருந்தாலும், பதினைந்து நாளுக்கு முன் கார்கள் அடைத்துக் கிடந்த அதே நெடுஞ்சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. டெக்சாஸிலும் 2021-க்குப் பிறகு மின் நிலையங்களைக் குளிருக்குத் தயார்படுத்துவது சட்டப்படி கட்டாயமானது.

2025-ல் நியூ ஆர்லியன்ஸ் அட்லாண்டாவைவிட மூன்று மடங்கு பனியைப் பார்த்தது. ஆனால் பள்ளிகளும் அலுவலகங்களும் முன்பே மூடப்பட்டிருந்தன. நெடுஞ்சாலைகள் மூடப்பட்டன, விமானங்கள் ரத்தாயின. அந்தப் புயலிலும் வளைகுடாப் பகுதியில் விபத்துகளும் உயிரிழப்புகளும் நடந்தன. ஆனால் ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் சாலையில் சிக்கிய காட்சி அங்கே இல்லை. அந்தத் தெருக்களில் மக்கள் நிம்மதியாக ஆடிப்பாட முடிந்ததற்கு, தெருவில் கார் இல்லாததும் ஒரு காரணம்.

நீங்கள் அங்கே இருந்தால்...

படிப்புக்கோ வேலைக்கோ தெற்கு அமெரிக்காவுக்குப் போகிறவர்கள், ‘அங்கே நம்மூர் மாதிரிதான் வெயில்’ என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். பனி எச்சரிக்கை வந்தால் இவை போதும்:

கரி அடுப்பு, ஜெனரேட்டர் எதையும் வீட்டுக்குள் எரிக்காதீர்கள், ஓட்டாதீர்கள். மூடிய ஷெட்டில் கார் இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடை மணத்தால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கான அலாரம் வீட்டில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

குழாயில் தண்ணீர் மெல்லச் சொட்டும்படி விட்டு வையுங்கள். ஓடும் தண்ணீர் எளிதில் உறையாது. வீட்டின் மெயின் வால்வ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். குழாய் உடைந்தால் உடனே அதை மூட வேண்டும்.

மின்சாரம் போனால் எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து இருங்கள். தடிமனான ஒரே உடையைவிட, அடுக்கடுக்காகப் பல உடைகள் நல்லது. பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் முதியவரை ஒருமுறை எட்டிப்பாருங்கள்.

முக்கியமாக, ‘பார்த்து ஓட்டிப் போயிடலாம்’ என்று நினைத்துக் காரை எடுக்காதீர்கள்.

அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து ஆற்றங்கரையில் சறுக்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. அடுத்த பனி எப்போது என்று யாருக்குத் தெரியும்?